அங்கே கேட்கும், இங்கே கேட்காது

ரிசீவரைப் பிடுங்கப் போனேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் முழங்கையால் என் நெஞ்சில் ஓர் இடி இடித்துவிட்டு, அதே ரிசீவருக்குள், "மச்சான், வக்காலத்த அனுப்புங்க மச்சான், மாப்ள பள்ளிவாசல்ல ஒக்காந்துருக்காரு" என்று கத்தினார். அந்தப் பக்கம் மச்சான் இல்லை அக்கா. அந்தப் பக்கம் இருந்தது மெஷின். இவர் எந்தக் காகிதத்தைக் கேட்டுக் கத்தினாரோ, அதைத்தான் அது அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் வந்துவிடும். அமுக்க முடியவில்லை. மெஷினுக்கும் எனக்கும் நடுவில் டெலிபோன் பூத் முதலாளி தமீம் பாயின் தொப்பை. "கூட்டம் கலையட்டும்டா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொல்கிறார். நிக்காஹ் நேரம் தாண்டிப் போகிறது, பெண்ணைப் பெற்றவள் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், இவருக்குக் கூட்டம் கலைய வேண்டுமாம்.

சீ.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்கு லைன் போடக் கற்றுக்கொடுக்கத்தான் தமீம் பாய் என்னை வரச் சொன்னார், கதை சொல்ல இல்லை. ஆனால் நாளையிலிருந்து இந்த நாற்காலியில் நீங்கள்தான். நாளைக்கு வெள்ளிக்கிழமை வேறு. தெரியாமல் உட்கார்ந்தால் உங்கள் தலையில்தான் விடியும். அவர் டீ குடிக்கப் போனால் சீக்கிரம் வரமாட்டார். கேளுங்கள்.

என் பெயர் பூமிநாதன். பிளஸ் டூ பாதியில் நின்றுவிட்டேன். ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் டைப்ரைட்டிங் எல்லாம் பாஸ் செய்தவர் என்று பாய் சொன்னார். அது இங்கே எதற்கும் உதவாது. இங்கே வேண்டியது காது. எனக்குக் காது நன்றாக இருந்தது, அதுதான் வினை.

வெளிநாட்டுக்குப் போடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முதலில் இரண்டு சைபர். அதைப் போட்டால்தான் இந்தியாவை விட்டே வெளியே போகும். பிறகு நாட்டு எண். சவூதிக்கு 966, மலேசியாவுக்கு 60, சிங்கப்பூருக்கு 65. பிறகு ஊர் எண். இங்கேதான் எல்லோரும் குழியில் விழுவார்கள். அங்கேயிருந்து எழுதுகிற ஆள், அவன் நாட்டுக்குள் எப்படிப் போடுவானோ அப்படியே எழுதி அனுப்புவான். தம்மாம் என்றால் 03 என்று எழுதுவான். அந்தச் சைபர் அந்த நாட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு. நாம் வெளியே இருக்கிறோம், நமக்கு அது கிடையாது. சைபரை விழுங்கிவிட்டு 3 மட்டும் போட வேண்டும். சிங்கப்பூருக்கு அந்தத் தொல்லையும் இல்லை, நாடே ஓர் ஊர்தான். பிறகு மீதி எண். நடுவில் மூக்கைச் சொறியக்கூடாது, லைன் செத்துவிடும்.

சைபரை விழுங்கினால் சண்டைக்கு வருவார்கள். எம் மகன் எழுதுன நம்பர்ல கைவைக்க நீ யாருடா என்பார்கள். சரி என்று சைபரோடு போட்டுக் காட்டுவேன், போகாது. அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள். இன்னொன்று, தூரம் கூடக் கூடச் சத்தமும் கூட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இந்த ஊரில். மதுரை என்றால் பேசுவார்கள், சிங்கப்பூர் என்றால் கத்துவார்கள், சவூதி என்றால் கண்ணாடி அதிரும். ரிசீவர் முழுக்க எச்சில். தினமும் காலையில் துடைக்க வேண்டும், பழைய பனியன் துணி அந்த டப்பாவில் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு துடையுங்கள்.

ஃபேக்ஸுக்கும் இதே வரிசைதான். இரண்டு சைபர், நாடு, ஊர், எண். வித்தியாசம் காதில்தான். நாம் போட்டு, அந்தப் பக்கம் மெஷின் எடுத்தால், நீளமாகக் கீச்சென்று கத்தும், ஆணியால் தகரத்தைக் கீறுகிற மாதிரி. அந்தச் சத்தம் வந்ததும் பச்சையை அமுக்க வேண்டும், காகிதம் உள்ளே போகும். எழுத்து கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். பாய் ஒருமுறை மாற்றி வைத்து, கோலாலம்பூருக்கு வெறும் வெள்ளைக் காகிதத்தை அனுப்பினார். அங்கேயிருந்து அந்த ஆள், என்ன பாய், மௌத்தா, யாரும் செத்துட்டாங்களா என்று பதறிப்போய்ப் போன் செய்தார். நமக்கு ஃபேக்ஸ் வந்தால் வேறு மாதிரி. ரிசீவரை எடுத்தால் விட்டுவிட்டு ஒரு பீப். கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி பீப். அதற்கும் பச்சைதான். இங்கே போனுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன், அதனால் மணி அடித்தால் முதலில் கேட்டுவிட்டுத்தான் ஹலோ சொல்ல வேண்டும். இந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மணி அடித்தாலே ஹலோதான்.

ஒன்று கவனியுங்கள். நாம் போட்டு அந்தப் பக்கம் கீச்சிடும்போது நாம் ஒன்றும் அமுக்காமல் இருந்தால், கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு அதுவே வைத்துவிடும். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

இனி ஜெய்த்தூன் பீவி. வேலைக்கு வந்து முதல் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு ஓர் அம்மா வந்தது. நாற்பது வயது இருக்கும். கையில் சீட்டு இல்லை, எண்ணை மனப்பாடமாகச் சொன்னது, சைபரை விழுங்கியே சொன்னது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது, இந்த ஊரில் ஓர் ஆளாவது ஒழுங்காகச் சொல்கிறதே என்று. போட்டேன். கீச்சென்றது. "இது ஃபேக்ஸ்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தமீம் பாய் எழுந்து வந்து ரிசீவரை வாங்கி, ஒரு நொடி காதில் வைத்து, சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் இருக்கிற ரிசீவரை எடுத்து அந்தம்மாவிடம் கொடுத்தார். "லைன் கெடச்சிருச்சு லாத்தா, பேசுங்க. அங்க கேக்கும், இங்க கேக்காது" என்றார்.

அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தது. மெஷினிடம்.

பாயிடம் கேட்டேன். அவர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னது இதுதான்: அந்தம்மாவின் புருஷன் இபுறாம்சா தம்மாமில் ஏதோ கம்பெனியில் இருக்கிறார். போய்ப் பல வருஷமாகிறது. அங்கேயிருந்து கடைசியாக வந்த ஆளிடம் இந்த எண்ணைக் கொடுத்தனுப்பினார். கம்பெனி ஃபேக்ஸ் எண். தெரிந்து கொடுத்தாரா தெரியாமல் கொடுத்தாரா, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். முதல்நாள் போட்டபோது கீச்சிட்டது, அந்தம்மா பயந்து அழுதுவிட்டது, அழுகையை நிறுத்த பாய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அங்க கேக்கும், இங்க கேக்காது. அடுத்த வாரம் வந்து நின்றதும் மறுபடி அதையே சொன்னார். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல முடியவில்லையாம். மீட்டர் ஓடியதையும் அவரால் நிறுத்த முடியவில்லை, அதை அவர் சொல்லவில்லை. "லைன் போடுறதுதான் ஒன் வேல" என்றார். வேலைக்கு வந்து முதல் வாரம், என்ன செய்வது. போட்டேன்.

வாரா வாரம் போட்டேன். ஒரு தடவை போட்டு முடிகிற வேலையும் இல்லை. மெஷின் கத்தி ஓய்ந்து வைத்துவிடும், அந்தம்மா கண்ணாடியைத் தட்டும், மறுபடி போட வேண்டும். அந்தம்மாவும் பழகிக்கொண்டுவிட்டது. ஒரு கீச்சுக்கு ஒரு விஷயம். கூரை ஒழுகுவது ஒரு கீச்சு. ஷமீமா, அதுதான் மகள், தையல் மெஷின் கேட்பது ஒரு கீச்சு. சரியாக விஷயம் முடிகிற இடத்தில் மெஷின் வைக்கும். நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன், இந்தம்மாவுக்கு எப்படி அளவு தெரிகிறது என்று.

அந்தக் கதவு முழுசாகச் சாத்தாது, பார்த்தீர்களா, கீல் போய்விட்டது. அதனால் எல்லாம் காதில் விழும். நான் காதைப் பொத்திக்கொண்டா உட்கார முடியும்? ஆனால் சொல்கிறேன் அக்கா, ஒரு பெண்டாட்டி புருஷனிடம் பேசுகிற பேச்சா அது? "உங்க அம்மா மௌத்தான அன்னிக்கு நான் ஒரு சொட்டு அழல, வெங்காயத்த வச்சுக்கிட்டேன்" என்று சிரிக்கிறது. "நெய்ச்சோறு ஆக்கி நானே ஒருத்தியா தின்னேன்" என்கிறது. ஊரில் யார் யார் எப்படி எப்படி என்று, அவரவர் நடக்கிற மாதிரி நடந்துகூடக் காட்டும், அந்தக் கூண்டுக்குள். புருஷன் மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே விமானம் ஏறி வந்து தலாக் சொல்லியிருப்பான். சில நாள் ஒன்றும் பேசாமல் கீச்சை மட்டும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை, "சாப்ட்டியா நீ?" என்று கேட்டது. இந்த ஊரில் புருஷனை நீ என்று எவளும் சொல்லமாட்டாள். வாய் தவறியும் வராது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மரியாதையும் போய்விட்டதே என்று.

ஒரு மனுஷி வாரா வாரம் இப்படி ஏமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சோறு இறங்குமா? எனக்கு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றாலே வெறுப்பாக இருக்கும். அன்றைக்குச் சவூதியில் விடுமுறை. அங்கே பூட்டின ஆபீஸில், இருட்டில், யாருமில்லாமல் ஒரு மெஷின் கத்திக்கொண்டிருக்கும். அதனிடம் இந்தம்மா நடந்து காட்டும்.

ஊரில் என்ன பேச்சு தெரியுமா? ஜெய்த்தூன் வாரம் தவறாமல் புருஷன்கிட்டப் பேசுறா. மற்றவர்களுக்கு மாசத்துக்கு ஒரு போன், இவளுக்கு வாரத்துக்கு ஒன்று. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பொறாமையாகப் பார்ப்பார்கள். அந்தம்மா போகும்போது நிமிர்ந்துதான் போகும். வருகிற வேகமும் போகிற வேகமும் வேறு வேறாக இருக்கும். ஷமீமாவைப் பெண் கேட்டு வந்தவர்களும் இங்கே வந்துதான் விசாரித்தார்கள். தகப்பன் வெளிநாட்டில், தொடர்பு உண்டா, குடும்பத்தைப் பார்க்கிறாரா என்று அந்தத் தாய்மாமன் கேட்டார். பாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாராவாரம் பேசுறாங்களே பாய், நானே லைன் போட்டுக் குடுக்குறேன்" என்றார். அதைக் கேட்டுத்தான் சம்பந்தம் பேசினார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

இப்போது வக்காலத். உங்களுக்குத் தெரியாது என்றால் சொல்கிறேன். பெண்ணுக்குத் தகப்பன்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். அவர் நேரில் இல்லையென்றால், என் சார்பில் இன்னார் கட்டிக்கொடுக்கலாம் என்று பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அதுதான் வக்காலத். போனில் சொன்னால், நிக்காஹ் நடத்திவைக்கிற பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒத்துக்கொள்ளமாட்டார், குரலை யார் அறிவார் என்பார். எழுத்தில் வேண்டும், கையெழுத்து வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். ஃபேக்ஸில் வந்தால் சரி. ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று முடிவானது. ஜெய்த்தூன் பீவியின் கொழுந்தன்தான் கட்டிக்கொடுப்பது என்றும் முடிவானது. வக்காலத் எங்கே என்று ஹஜ்ரத் கேட்டபோதெல்லாம் எல்லோரும் அந்தம்மாவைப் பார்த்தார்கள். வாரா வாரம் பேசுகிறவள் அவள்தானே, சொல்லியிருப்பாள்.

நிக்காஹுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்தது. பாய் ஜும்மா முடிந்து விருந்துக்குப் போயிருந்தார். அந்தம்மா கூண்டுக்குள் போகவில்லை. இந்த மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, "தம்பி, இந்த நம்பருக்கு எழுத்து அனுப்பலாம்ல?" என்றது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. "அதுக்குத்தாம்மா அந்த நம்பரு. அது ஃபேக்ஸ். அதுல பேசுனா யாருக்கும் கேக்காது" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தேன், மயக்கம் போட்டு விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று. ஒன்றும் ஆகவில்லை. தலையை மட்டும் ஆட்டியது. சரியாகப் புரியவில்லை போல என்று நினைத்து, இன்னொரு தடவை விளக்கமாகச் சொன்னேன். "எழுதுப்பா" என்றது.

அந்தம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஷமீமாவுக்கு ஞாயிறு நிக்காஹ். உங்கள் தம்பி பெயரில் வக்காலத் வேண்டும். சாட்சி இரண்டு. இந்த எண்ணுக்கு அனுப்பவும். நம் எண்ணைக் கீழே எழுதினேன், இந்தியா 91, நம் ஊர் எண்ணில் சைபரை விழுங்கி. அவர்களுக்கு நாம் வெளிநாடு, பாருங்கள். வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது, அதே காசுதான். அந்தம்மா அந்த வெள்ளைப் பாதியைப் பார்த்தது. "வேற ஒண்ணும் இல்ல" என்றது. மெஷினிடம் மணிக்கணக்காகப் பேசுகிறது, புருஷனுக்கு எழுதச் சொன்னால் ஒன்றும் இல்லையாம். என்ன ஜன்மங்களோ.

அனுப்பினேன். போகும்போது அந்தம்மா, "இத யார்ட்டயும் சொல்லிக்கிடாத தம்பி" என்றது. எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது அக்கா. சொல்லாதே என்றால் பொய் சொல் என்றுதானே அர்த்தம். பொய்யால்தானே இவ்வளவும்.

சனிக்கிழமை பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை பள்ளிவாசலில் உட்கார்ந்துவிட்டார். ஹஜ்ரத், காகிதம் வராமல் ஆரம்பிக்க முடியாது என்றார். அங்கே ஆபீஸ் திறக்க வேண்டுமே, அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இது யாருக்கும் தெரியவில்லை. தாய்மாமன் ஒரு கூட்டத்தோடு இங்கே வந்துவிட்டார். ஜெய்த்தூன் பீவியையும் ஆள் விட்டு அழைத்து வந்தார்கள், கல்யாண வீட்டிலிருந்து. மகள் கல்யாணத்துக்கு எடுத்த புதுப் புடவை, மேலே அதே வெள்ளைத் துப்பட்டி. கூண்டுக்குள் உட்கார வைத்து, "வாராவாரம் பேசுறீங்கள்ல லாத்தா, இப்பப் பேசுங்க, நாங்களும் சலாம் சொல்லிக்கிறோம்" என்றார் தாய்மாமன். குரலில் ஒரு சந்தேகம் இருந்தது. காலையிலிருந்தே ஆரம்பித்துவிட்டது போல. தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, வேறு குடும்பம் ஏதும் உண்டா என்று பந்தலில் முணுமுணுப்பாம். அது பெரிதானால் மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிப் போய்விடுவார்கள், இங்கே அது நடக்காததில்லை.

அந்தம்மா என்னைப் பார்த்தது. நான் போனைப் பார்த்தேன். அந்த நேரம் மணி அடித்தது.

நான் எடுப்பதற்குள் தாய்மாமன் எடுத்து ஹலோ என்று கத்தினார். பீப். வைத்துவிட்டார். மறுபடி அடித்தது, மறுபடி அவரே. ஃபேக்ஸ் வருது, என்னிடம் கொடுங்கள் என்கிறேன், யார் கேட்கிறார்கள். மூன்றாவது தடவை காதில் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். தமீம் பாய் மெஷினை மறைத்து நின்றுகொண்டு, "வைக்காதீங்க பாய், அவருதான், அங்க கேக்கும், இங்க கேக்காது, பேசுங்க" என்றார். இந்தச் சத்தத்திலிருந்து காகிதம் வந்தால், இத்தனை நாள் பேசியது எதனோடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் இல்லையா, அந்தப் பயம். தாய்மாமன் நம்பிவிட்டார். வக்காலத்த அனுப்புங்க மச்சான் என்று கத்தினார், நான் முதலில் சொன்னேனே. பிறகு கொஞ்சம் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "விக்கல் மாதிரி கேக்குது. அழுவுறாரு போல" என்றார்.

கூட்டமே உருகிவிட்டது. பாவம், பெத்த மனசு என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விட்டுவிட்டு வருகிற பீப், அதற்கு ஒருவர் கண்ணைத் துடைக்கிறார். தமீம் பாயும், ஆமா ஆமா என்று மூக்கை உறிஞ்சுகிறார். எனக்குத் தாங்கவில்லை அக்கா. பொய்யாக இருந்தாலும் அதற்கு ஓர் அளவு வேண்டும்.

"யாரும் அழல. அது மனுஷன் இல்ல, மெஷின்" என்றேன். "இந்தம்மா இத்தன நாளும் பேசுனது இதுகிட்டத்தான். அவரு ஒரு நாளும் பேசுனதில்ல. வேணும்னா பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தமீம் பாயின் அக்குளுக்குக் கீழே கையை விட்டுப் பச்சையை அமுக்கினேன்.

சுருள் சுருளாகக் காகிதம் வந்தது. கிழித்து எடுத்தேன். நான்கு வரி. என் மகள் ஷமீமாவை மணமுடித்துக் கொடுக்க என் தம்பிக்கு வக்காலத் கொடுக்கிறேன். கையெழுத்து. சாட்சி இருவர். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தாய்மாமன் படித்தார். படித்துவிட்டு கூண்டுப் பக்கம் திரும்பி, "வாராவாரம் பேசுறாருன்னு சொன்னீங்களே" என்றார்.

அந்தம்மா எழுந்து நின்றது. "நான் பேசுறேன்னுதான் சொன்னேன். அவுக பேசுறாகன்னு நான் எப்ப சொன்னேன்?" என்றது.

அதுவும் சரிதான். அந்தம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் ஊர். அந்தம்மா காகிதத்தைத் தாய்மாமனிடமிருந்து வாங்கிப் பார்த்தது. பிறகு திருப்பிப் பார்த்தது. மறுபடி திருப்பிப் பார்த்தது. "பின்னாடி ஒண்ணும் இருக்காதும்மா, ஃபேக்ஸுக்குப் பின்பக்கம் கிடையாது" என்று நான்தான் சொன்னேன். வெயிலில் வைத்தால் எழுத்து போய்விடும், முதலில் ஜெராக்ஸ் எடுங்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிக்காஹ் நடந்துவிட்டது. மத்தியானத் தொழுகைக்கான லுஹர் பாங்குக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். ஷமீமாவை அன்றைக்கே மாப்பிள்ளை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் பச்சையை அமுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒரு கவளம் பிரியாணி எனக்கு வரவில்லை. எதிர்க்கடை சைக்கிள்காரனுக்குப் போகிறது, எனக்கு இல்லை. தமீம் பாய் என்னோடு பேசவே இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் இதுதான்.

அதற்கப்புறம் அந்த பெஞ்சில் ஒரே சிரிப்பு. மெஷின்கூடக் குடும்பம் நடத்துனா என்கிறார்கள். போன வாரம் வரை பொறாமைப்பட்ட அதே பெண்கள். ஒரு பையன் கூண்டுக்குள் போய்க் கீச்சென்று கத்திக் காட்டினான். ஒரு அறை விட்டேன். எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. எச்சில் ரிசீவரைத் தொட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்தம்மா ஏமாறாது, அது போதும் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா முடிந்தது. துப்பட்டி வருகிறது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அந்தம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, ரிசீவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "போடு தம்பி" என்றது.

எந்த நம்பர் என்றேன். அதே நம்பர்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் பிறகுமா? அது ஃபேக்ஸ்மா என்றேன். "தெரியும்" என்றது. அங்கே யாரும் இல்லை, இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ஆபீஸ் பூட்டியிருக்கும் என்றேன். அதுவும் தெரியும் என்றது. தமீம் பாய் இங்கேயிருந்து, போட்டுக் குடுடா, ஒனக்கென்ன வந்துச்சு என்று கத்துகிறார். நான் கூண்டுக்குள் தலையை நீட்டி, "அதுகிட்ட என்னம்மா சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

அந்தம்மா, "புள்ள போயிட்டா. வீட்ல ஆளு இல்ல" என்றது. பிறகு, "நீ போடுப்பா" என்றது.

வாடிக்கைக்காரரை விரட்டிவிட்டேன் என்றுதான் பாய் என்னை நிறுத்தினார். நான் ஒன்றும் விரட்டவில்லை. கத்தவில்லை, கதவைக்கூடத் திறந்துவிடவில்லை. அந்தம்மா ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தது, ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு. நான் இந்த நாற்காலியில், இதோ இப்படி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மை தெரிந்த பிறகும் பொய்க்கு லைன் போட்டுக் கொடுக்க நான் தமீம் பாய் இல்லை. அந்த எண் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். இரண்டு சைபர், 966, சைபரை விழுங்கி 3, மீதி எண். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

போடவில்லை.